மாற்றுதலும் அறிதலும்

'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. துன்பத்துக்குக் காரணமானவனை விடுத்து, அத்துன்பத்தைக் கொண்டுவந்த கருவியைப் பழிக்கும் பேதைமையை அது கடிந்துரைக்கின்றது. ஆயின் இது வெறும் பேதைமைதானா, அன்றி அறக்குற்றமும் ஆகுமா? குறை எங்கே வெளிப்படுகின்றதோ அதனை அகற்றிவிட்டு, குறையே அகன்றதாக அமைதி கொள்வது நேர்மையா? இவ்வினாவைப் பெரிய தத்துவ நூல்களிலிருந்தன்றி, மோட்டார் சைக்கிளின் ஒரு சிற்றுறுப்பிலிருந்து எழுப்ப விரும்புகின்றேன். 'பிளக்' என்று நாம் அழைக்கும் தீப்பொறிச் செருகியே அவ்வுறுப்பு.

அதன் தொழில் எளியது. சிலிண்டரினுள் அமுக்கப்பட்ட பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவைக்கு உரிய கணத்தில் தீ மூட்டுவதே அது. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியைப் பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தம் தாண்டும்போது பொறி பிறக்கின்றது. 1902 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொஷ் நிறுவனத்தில் கொட்லொப் ஹொனோல்ட் என்பார் உயர் மின்னழுத்த எரிபற்றல் முறையையும் அதற்கேற்ற செருகியையும் உருவாக்கினார். அன்றிருந்து அதன் அடிப்படை அமைப்புப் பெரிதும் மாறவில்லை.

ஆயினும் அதற்கு இன்னொரு பணியும் உண்டு. எரியும் அறையினுள்ளேயே நின்று, வேண்டும்போது ஒரு சாவியாற் கழற்றிக் கையிலெடுத்துப் பார்க்கக்கூடிய உறுப்பு அதுவே. அதன் முனை மண்ணிறமாயிருப்பின் இயந்திரம் நலமாயுள்ளது. உலர்ந்த கரி படிந்திருப்பின் பெற்றோல் மிகுந்து காற்றுக் குறைந்திருக்கலாம். அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருப்பின் வெப்பம் அளவு கடந்துவிட்டது. எண்ணெய் பிசுபிசுத்திருப்பின் பிஸ்ரன் வளையங்களோ வால்வுப் பகுதியோ தேய்ந்து, எண்ணெய் எரியறையுட் புகுகின்றது. எனவே பிளக் தொழிலாளி மட்டுமன்று, சாட்சியுமாகும்.

பிளக்கைத் தெரிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'சூடான பிளக்', 'குளிர்ந்த பிளக்' என்னும் வழக்கைக் கேட்போர், முன்னையதன் பொறி வலியது என எண்ணுவர். அஃது அவ்வாறன்று. முனையிலுள்ள பீங்கான் காவலி நீண்டிருப்பின் வெப்பம் மெதுவாக வெளியேறும். அதுவே சூடான பிளக். குறுகியிருப்பின் வெப்பம் விரைந்து வெளியேறும், அது குளிர்ந்தது. முனையின் வெப்பம் ஏறத்தாழ 500 பாகை செல்சியசை எட்டினாலன்றிப் படிந்த கரி எரிந்தொழியாது. 900 பாகையை அணுகினால் பொறிக்கு முன்னரே கலவை தீப்பற்றி இயந்திரத்தைச் சிதைக்கும். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பதே நல்ல பிளக். என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக்கூடக் குளிர்ந்தது. பொஷ் பிளக்குகளிலோ எண் கூடக்கூடச் சூடானது. ஆகவே தன்னளவில் உயர்ந்த பிளக் என ஒன்றில்லை. எந்த இயந்திரத்துக்கு என்ற வினாவே அதன் தகுதியைத் தீர்மானிக்கின்றது.

இவற்றை நான் அறிய நேர்ந்தது குறிகட்டுவானில். நெடுந்தீவிலே பெரியம்மா காலமானார் என்ற செய்தி கேட்டு, மாமாவும் நானும் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். அந்த ஒரு மாதத்துள் அதன் பிளக் இருமுறை மாற்றப்பட்டிருந்தது. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் கடல்வழிப் பாதையில், இருபுறமும் நீர் சூழ, வண்டி நின்றுவிட்டது. தள்ளியும் பிறரிடம் உதவி பெற்றும் குறிகட்டுவானை அடைந்தபோது நெடுந்தீவுக்கான கடைசிப் படகு புறப்பட்டுவிட்டது. மறுநாட் காலை நாம் போய்ச் சேர்ந்தபோது கிரியைகள் யாவும் முடிந்திருந்தன. மாமா தம் தமக்கையின் முகத்தை இறுதியாகக் காணவில்லை.

அன்று மாலை இறங்குதுறைக்கு அண்மையில் வண்டியைப் பார்த்த முதியவர் முதலிற் கேட்டது இதுதான்: "தம்பி, முந்திக் கழற்றின பழைய பிளக்குகள் எங்கை?"

எறிந்துவிட்டதாகச் சொன்னேன். அவர் மறுமொழி கூறாது, இருந்த பிளக்கைக் கழற்றிக் காட்டினார். எண்ணெயில் தோய்ந்திருந்தது. அதன் எண்ணை வாசித்தார். அவ்வண்டிக்கு உரியதிலும் இரண்டு படி சூடான பிளக். "பிளக்கிலை பிழையில்லைத் தம்பி. பிழையை அது சொல்லுது. வளையம் தேஞ்சு போச்சு" என்றார்.

நகரிலே அதனைப் பூட்டியவர், எண்ணெய் எரிந்தொழியட்டும் என்றே சூடான பிளக்கைத் தெரிந்திருக்க வேண்டும். நோயை ஆற்றுதற்கன்றி, நோயின் குறி தோன்றாதிருத்தற்கே அத்தெரிவு உதவியது. வேண்டிய சொல்லைச் சொல்லும் சாட்சியைத் தேடிப் பிடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? ஆயினும் பழி முழுவதும் அவருடையதன்று. வளையம் மாற்றும் செலவை எம்மாற் தாங்கவியலாது என அவர் இரங்கியிருக்கலாம். அவ்வாறாயின் உண்மையைக் கூறி எமது இசைவைப் பெற்றிருப்பின் அஃது உதவியாகியிருக்கும், கூறாமையாலேயே வஞ்சனையாயிற்று. நாமும், 'ஏன் பழுதாகின்றது?' என்று ஒருமுறையேனும் வினவவில்லை. 'விரைவாக முடியுமா? மலிவாக முடியுமா?' என்றே வினவினோம். வினவாதவனுக்கு விடை மறைக்கப்படும்போது, மறைப்பில் அவனுக்கும் பங்குண்டு.

சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்தனர். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுதல் கருதலளவைக்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம். வண்டியின் பின்னே எழுந்த நீலப் புகையை நாம் பல நாளாகக் கண்டிருந்தோம். எண்ணெய் எரிகின்றது எனக் கருதினோமில்லை. கருதினாற் செலவு வரும் என்ற அச்சமே கருதலைத் தடுத்தது. எனவே நமது அறியாமை அறிவின் வறுமையாற் பிறந்ததன்று; நாமே விரும்பி ஏற்றுக்கொண்டது. விரும்பி ஏற்ற அறியாமைக்கு ஒருவன் பொறுப்பாளியாவான். நோயையும் அதன் முதலையும் அது தணியும் வழியையும் முறையே ஆராயுமாறு வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கும், இவ்வகையில் அறிவுரை மட்டுமன்று, அறவுரையுமாகும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். படகு காத்திராது, நெருக்கடியில் நிற்பவனிடம் காரணத்தை ஆராயச் சொல்வது கொடுமையன்றோ? இத்தடை வலியது. 1990களின் முற்பகுதியில், பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்திலே, சில துளி பெற்றோலால் இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டியோட்டினர் நம் பெற்றோர். எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் பிளக்கிற் கரியைப் படிவித்தது. அதனை அடிக்கடி கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டினர். அது நிலையான தீர்வன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். காரணம் யாதென்பதையும் அறிந்திருந்தனர். தற்காலிகமானதைத் தற்காலிகமானதென்றே அறிந்து செய்வது குற்றமன்று. அதனையே தீர்வென்று தன்னையும் பிறரையும் நம்பவைப்பதே குற்றம்.

இது வண்டியோடு நின்றுவிடுவதன்று. பாடசாலையொன்றிற் பெறுபேறு வீழ்ந்தால் அதிபரை மாற்றுகின்றோம். சங்கமொன்று தளர்ந்தாற் செயலாளரை மாற்றுகின்றோம். சில வேளைகளில் மாற்றம் இன்றியமையாததே. ஆயின் நீங்குபவரை அழைத்து, 'நீர் கண்டது யாது?' என வினவுவோர் எத்தனை பேர்? உள்ளே நின்று வெப்பத்தைத் தாங்கியவருக்கே உண்மை தெரியும். அவரை வினவாது நீக்குவது அவருக்கு அநீதி. புதிதாய் வருபவரையும் அதே எண்ணெயிற் தோய்க்கும் அநீதி.

ஆகவே, மாற்றாதிருத்தல் அறமென்று நான் கூறவில்லை. தேய்ந்த பிளக்கை மாற்றத்தான் வேண்டும். கழற்றியதை எறியுமுன் ஒரு கணம் கையில் வைத்துப் பார்த்தலே கடமை. முதியவர் அன்று புதிய பிளக்கைப் பூட்டியபின், பழையதைக் காகிதத்திற் சுற்றி மாமாவின் கையிற் கொடுத்தார். வளையம் மாற்ற மூன்று மாதம் சென்றது. அதுவரை அந்தக் காகிதப் பொட்டலம் எங்கள் வீட்டு மேசைமீது இருந்தது.