தராசின் முள்

பிரான்சிலுள்ள லெ மான் நகரில் 1923-ஆம் ஆண்டு தொடங்கிய கார்ப் பந்தயம் ஒன்று உண்டு. 24 மணி நேரம், இரவும் பகலுமாக ஓடவேண்டும். இப்போது அதன் முதல் வகுப்பில் இரண்டு விதமான கார்கள் கலந்து ஓடுகின்றன. ஒரு விதத்தைக் கம்பெனியே முழுக்கச் செய்துகொள்ளலாம். மற்றதற்குச் சேஸிஸை, அனுமதி பெற்ற நான்கு பேரில் ஒருவரிடம்தான் வாங்கவேண்டும். செலவிலும் அமைப்பிலும் வேறுபட்ட இவை சரிசமமாகப் போட்டியிட வேண்டுமே! அதற்காக, நடத்துபவர்கள் வேகமான காரின் எடையைக் கூட்டுகிறார்கள். அல்லது எஞ்சினின் சக்தியைக் குறைக்கிறார்கள்.

2018 முதல் 2022 வரை அங்கே டொயோட்டாவே வென்றது. 2023 பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கையில் அதன் எடையில் 37 கிலோ கூட்டினார்கள். ஃபெராரிக்கு 24 கிலோ. ஃபெராரி வென்றது.

கெட்டிக்காரன் முதுகில் மூட்டை ஏற்றுவதா என்று கேட்கலாம். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். பணமுள்ளவன் ஒருவனே ஜெயித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிறகு பந்தயம் ஏது?

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இந்த எடைக் கணக்கைப் பற்றிப் பந்தயக்காரர்கள் வெளியில் கருத்துச் சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. பேசவிட்டால், ஆளுக்கு ஆள் தீர்ப்பைத் தம் பக்கம் இழுப்பார்கள் என்ற பயம். பயம் நியாயமானதே. ஆனாலும், சுமப்பவன் 'ஏன்?' என்று கேட்க முடிகிறவரைதான் அந்தச் சுமை நீதி. வாயைக் கட்டிவிட்டால் அது தண்டனை அல்லவா? தராசு பிடிக்கிறவர் யோக்கியராகவே இருக்கட்டும். முள்ளை எல்லோரும் பார்க்கட்டுமே!