அறிதலின் விலை

நோயுற்றவன் மருத்துவரை நாடுகிறான், அதில் வியப்பில்லை. உடலில் நோய்க்குறி ஏதும் தோன்றாதவனும் தன்னைச் சோதித்தறியக் கடமைப்பட்டவனா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

கொரோனாப் பெருந்தொற்றின்போது இங்கிலாந்து அரசு இவ்வினாவைத் தன் மக்கள் அனைவர் முன்னும் வைத்தது. தொற்றுக்கு ஆளானோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நோய்க்குறியே தோன்றுவதில்லை என்று எடுத்துக்கூறி, 2021 ஏப்ரல் 9 முதல் வாரம் இருமுறை துரிதப் பரிசோதனை செய்துகொள்ளும் வசதியை எல்லார்க்கும் இலவசமாய் அளித்தது. 2022 ஏப்ரல் 1 அன்று பெரும்பாலோர்க்கு அவ்வசதி நின்றது.

இதன் அடிப்படை நமக்குப் புதியதன்று. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழைய வேண்டாமென்றும், அங்குள்ளோர் தப்பியோட வேண்டாமென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். நலமாயிருப்பவன் வெளியேறினால் என்ன கேடு? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யாவு உலூமித்தீன்' என்னும் நூலில் இதனை ஆராய்கின்றார்கள். நோயின் பாதிப்பு புறத்தே தெரியுமுன்பே அகத்தில் வேரூன்றியிருக்கலாம் என்பது அவர்கள் காட்டும் ஒரு கருத்து. திடமுள்ளோர் யாவரும் போய்விட்டால் படுத்த படுக்கையாய்க் கிடப்போர்க்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளிராது என்பது மற்றொன்று.

முன்னது தனிமனிதனுக்குரிய எச்சரிக்கை. பின்னது சமுதாயத்தின் பொறுப்பு. இரண்டையும் பிரித்தல் தகாது.

பிரித்தால் விளைவது யாது? 2020 நவம்பரில் லிவர்பூல் நகரில் நோய்க்குறியற்றோர்க்கான பரிசோதனை பெருமளவில் நடத்தப்பட்டது. வறியோர் வாழும் பகுதிகளில் சோதிக்க வந்தோர் குறைவு. தொற்று உண்டெனத் தெரிந்தால் தனித்திருக்க வேண்டும். தனித்திருந்தால் ஊதியம் போகும் என்ற அச்சம் அதற்கொரு காரணம். குறைந்த வருவாயினர்க்கு 500 பவுன் உதவித்தொகை இருந்தது. ஆயினும் அது நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பரிசோதனை இலவசம், அது தரும் அறிவோ இலவசமன்று.

வீட்டிலிருந்தாலும் பட்டினி கிடவாதவன், தெரிந்துகொண்டால் முடங்க நேருமே என்று சோதனையைத் தவிர்ப்பானாயின், அவன் அண்டை அயலாரின் உயிரென்னும் அமானிதத்தைப் பேணாதவனே. 'எனக்குத் தெரியாது' என்பது, அறிய வழியிருந்தும் முகந்திருப்பியவனுக்குச் சாக்காகாது. அன்றாடக் கூலியில் பிள்ளைகளுக்குச் சோறிடுபவனின் நிலை வேறு. அவன் அஞ்சாமல் அறிந்துகொள்ள வகைசெய்வது ஊரார்மீதும் அரசின்மீதும் ஃபர்ளு கிஃபாயாவாகும். ஒருவரும் அதனைச் செய்யாதபோது குற்றம் அவன்மேல் மட்டும் சார்வதன்று, அனைவர்மேலும் சாரும்.

'உன்னை நீ சோதித்துப் பார்' என்று ஏழையிடம் சொல்லுமுன், 'உன் அடுப்பு அணையாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் தகுதியை நாம் பெற்றாக வேண்டும்.