முகமும் முக அடையாளமும்

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளர்கள், நெடுங்காலம் பதிவேடுகளில் எழுதிவந்த விவரங்களை 2021 முதல் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் பதிகிறார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு முக அடையாளச் சரிபார்ப்பும் பின்னர் வந்தது. தாய் கைபேசியைப் பார்த்து இமைக்க வேண்டும். ஆதார் படத்தோடு முகம் பொருந்த வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் மறுபடியும் இமைக்க வேண்டும், இடுப்பில் குழந்தை அழுதுகொண்டிருந்தாலும்.

பிரெஞ்சு மெய்யியலாளர் எம்மானுவேல் லெவினாஸ் 1961-இல் வெளியிட்ட ‘முழுமையும் முடிவிலியும்’ நூலில் முகத்துக்குத் தரும் பொருளே வேறு. அவருக்கு முகம் கண், மூக்கு ஆகியவற்றின் கூட்டல்ல. எந்த அறிவுக்குள்ளும் அடங்காமல், பார்ப்பவரைப் பொறுப்பாளியாக்குவது. செயலியோ அளக்கக்கூடியதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

இதற்காக இயந்திரத்தைப் பழிப்பது எளிது. ஆனால் பழைய பதிவேடும் மனிதரைக் கட்டங்களுக்குள்தான் அடைத்தது. சரிபார்ப்பு இல்லாத இடத்தில் வராதவர் பெயரில் உணவு போகவும் கூடும்.

பணியாளரின் டிஜிட்டல் திறனுக்கும் அறப்பொருள் உண்டு. செயலியில் பதிவதற்கு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உயரத்தைப் படுக்கவைத்து அளக்க வேண்டும். நிற்கவைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறையும். எல்லைக்கோட்டில் இருக்கும் குழந்தை அந்தச் சிறு வித்தியாசத்தில் ‘வளர்ச்சி குன்றியது’ ஆகிவிடலாம். 9.4 கிலோ 4.9 ஆகப் பதிவானால், கொழுகொழுவென்று எதிரில் நிற்கும் குழந்தை திரையில் கடும் எடைக்குறைவில் இருக்கும். எண்ணைச் சந்தேகிக்க, குழந்தையை நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

முகம் பொருந்தவில்லை என்று திரை சொல்லும்போதுதான், எதை நம்புவது என்ற கேள்வி கூர்மையாகிறது: அந்தத் தாயைப் பணியாளருக்கு அவள் திருமணமாகி ஊருக்கு வந்த நாளிலிருந்தே தெரியும்.