விதியும் விழிப்பும்

கடலோரச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியனாகப் பணியாற்றுகிறேன். நில நடுக்கம் பற்றியும் ஆழிப்பேரலை பற்றியும் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவி ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: "ஐயா, அன்றைக்குச் செத்தவர்கள் எல்லாரும் விதி முடிந்தவர்கள்தானே? எங்கள் பாட்டி அப்படித்தான் சொல்கிறார்."

அந்தப் பாட்டி, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பெற்ற மகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். அந்த நாள் என் நினைவில் இல்லை; நான் அன்று மழலை. மாணவியோ அன்று பிறக்கவே இல்லை. பார்த்தவர் ஒருவர், பாராதவர் இருவர். எங்கள் மூவருக்கும் இடையே நின்றது ஒரே சொல், விதி!

விடை கூற உடனே நா எழவில்லை. மகளை இழந்த தாயிடம் சென்று, "உன் மகள் பிழைத்திருக்கலாம்" என்று எப்படிச் சொல்வது? அந்த முதியவளுக்கு விதி என்ற சொல் ஊன்றுகோல். அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. ஆனால், அதே சொல்லைப் பேத்தியின் கையில் பாடமாகக் கொடுக்கலாமா? ஆறுதலாக இருப்பதெல்லாம் அறிவுரையாகிவிடுமா?

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் பிளந்தபோது நம் நாட்டில் காலை ஏறத்தாழ 6.30 மணி. அலை நம் கரையைத் தாக்கியது 9 மணியளவில். இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஊரையே மேட்டு நிலத்துக்கு நடத்திச் செல்லப் போதுமான நேரம்! ஆயினும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர்.

இனி, நிலம் பிளந்த இடத்துக்கு மிக அருகே இருந்த சிமெலூ என்னும் இந்தோனேசியத் தீவைப் பாருங்கள். அங்கே கிடைத்தது மணிக் கணக்கில் அன்று, நிமிடக் கணக்கில். வாழ்ந்தோர் 70,000 பேருக்கு மேல். மாண்டோர் 7 பேர். கோள்கள் அந்தத் தீவுக்கு மட்டும் நல்லிடம் பார்த்து நின்றனவா? இல்லை. 1907ஆம் ஆண்டு அந்தத் தீவைப் பேரலை ஒன்று அழித்தது. தப்பியவர்கள் அதற்கு "சுமோங்" என்று பெயரிட்டனர். நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காதே, குன்றை நோக்கி ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தனர். தாலாட்டிலும் கதையிலும் அந்த அறிவு 97 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. அங்கேயும் சொன்னவர் ஒரு பாட்டிதான். அந்தப் பாட்டி சொன்னது விதியை அன்று, வழியை!

நம் கரையோரத்திலும் சான்று உண்டு. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் ஊரில், சிங்கப்பூரில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் தொலைபேசியில் கொடுத்த எச்சரிக்கையை ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. 3,000 பேருக்கு மேல் உயிர் தப்பினர். மீன் விலையும் அலையின் உயரமும் அறிவிக்க வைத்த ஒலிபெருக்கி, அன்று ஓர் ஊரைக் காத்தது.

இப்படிச் சொல்வது மாண்டவர்களைக் குறை கூறுவதாகாது. அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்ல அன்று இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது 2007இல்தான். ஆகவேதான் சொல்கிறேன்: அறியாத காலத்தில் நேர்ந்த சாவு துயரம், அறிந்த பிறகும் நேரவிட்ட சாவு குற்றம். அறிவு வளர வளர விதியின் எல்லை சுருங்குகிறது, நம் பொறுப்பின் எல்லை விரிகிறது.

ஒடிசா இதை மெய்ப்பித்தது. 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கே மடிந்தவர் ஏறத்தாழ 10,000 பேர். 2013இல் பைலின் புயல், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதியது. உயிரிழந்தோர் 50 பேருக்கும் குறைவு. காற்று கருணை காட்டவில்லை. ஏறத்தாழ 10 இலட்சம் மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினர். புகலிடங்கள் கட்டியிருந்தனர்; தொண்டர்களைப் பழக்கியிருந்தனர்.

எனினும், கட்டடமும் கருவியும் மட்டும் காத்துவிடுமா? ஆழிப்பேரலையில் நம் கரையோரச் சிற்றூர்கள் பலவற்றில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டனர். குழந்தையை இடுப்பில் ஏந்தியிருந்தனர். காலைச் சேலை தடுத்தது. பலருக்கு நீச்சல் தெரியாது. கடலை நம்பி வாழும் குடியில் பிறந்தும், "பெண்ணுக்கு எதற்கு நீச்சல்?" என்று கேட்டது சமூகம். அந்தக் கேள்விக்குக் கடல் கொடுத்த விடை மிகக் கொடிது. அலை சாதி பார்க்காமல் அடித்தது. ஆனால், அடித்து ஓய்ந்த பிறகு, முகாம்களில் தாழ்த்தப்பட்டோரைத் தனியே ஒதுக்கிய செய்திகளும் வந்தன. கடலுக்கு இல்லாத பேதம் கரைக்கு இருந்தது! அண்டை வீட்டுக்காரனைத் தீண்டாத ஊர், ஆபத்து வேளையில் அவன் கதவைத் தட்டுமா? கடைசிக் குடிசைக்கு எட்டாத எச்சரிக்கை, எச்சரிக்கை ஆகுமா?

முன்னேற்பாடு என்பது அரிசி மூட்டையும் அரிக்கேன் விளக்கும் மட்டும் அன்று. நடக்க முடியாதவர் எந்த வீட்டில் இருக்கிறார், அவரைத் தூக்கப் போவது யார் என்பதை ஊர் அறிந்திருத்தல். புயல் புகலிடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது குழந்தைக்கும் தெரிந்திருத்தல். ஆண்டுக்கு ஒரு முறையேனும் எல்லாத் தெருவாரும் ஒன்றாக அந்த வழியில் நடந்து பார்த்தல். சிறுமிக்கும் நீச்சல் கற்பித்தல். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பிறர் உயிரும் நம் உயிரே என்ற நினைப்பு வேண்டும். அந்த நினைப்பு வானம் தெளிந்திருக்கும் நாளில் வேண்டும். வெள்ளம் வந்தபின் தோன்றும் இரக்கம் நல்லதுதான்; வெள்ளம் வருமுன் தோன்றும் அக்கறையே அறம்.

மாணவிக்கு மறுநாள் விடை சொன்னேன்: "பாட்டியிடம் வாதிடாதே, அம்மா. அருகே உட்கார்ந்து, அன்று கடல் எப்படி இருந்தது, தண்ணீர் எந்தத் தெருவரை வந்தது, யார் எந்த வழியாக ஓடிப் பிழைத்தார்கள் என்று கேட்டு எழுதி வா."

எழுதி வந்தாள், இரண்டு பக்கம். தண்ணீர் ஏறிய தெருக்கள், தப்பியவர்கள் ஓடிய மேட்டுப் பாதை, எல்லாம் அதில் இருந்தன. வகுப்பில் படித்துக் காட்டினாள். அந்தப் பாதையில் இப்போது முள் மண்டியிருக்கிறது என்று மற்றொரு மாணவன் சொன்னான். வரும் சனிக்கிழமை, மாணவர்களும் பெற்றோரும் கூடி அதை வெட்டித் திருத்தப் போகிறோம். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், வழி காட்ட.