குழவியின் சார்பு

பேணுவாரைச் சார்ந்து நிற்றல் குழவிகட்கெல்லாம் பொதுவியல்பு. ஆயினும், பிரிந்த தாய் மீண்டபொழுது ஒரு குழவி அவளைத் தழுவி ஆறுகின்றது. மற்றொன்று முகந் திருப்புகின்றது. இவ்வேற்றுமைக்கு ஏது மரபணுவோ, வளர்ப்போ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

மரபணுவே எனின், ஒருகரு இரட்டையர் இருகரு இரட்டையரினும் இதன்கண் மிக ஒத்தல் வேண்டும். லெய்டன், இலண்டன் நகரங்களில் இரட்டைக் குழவிகளை ஆராய்ந்து 2003-இல் பொக்கார்ஸ்ட் முதலியோர் வெளியிட்ட முடிவு அதற்கு மாறாயிற்று. அச்சமின்றிச் சாரும் தன்மையில் காணும் வேற்றுமையுள் நூற்றுக்கு 52 பங்கு இருவர்க்கும் பொதுவாகிய சூழலாலும், எஞ்சியது அவரவர்க்குத் தனித்துரிய சூழலாலும் அளவைப் பிழையாலும் ஆயதென அவர் கணித்தனர். எளிதிற் கலங்கும் இயல்போ பெரும்பான்மையும் மரபணுவழியதாயிற்று.

அற்றேல், சார்பின்கண் மரபணுவிற்கு என்றும் இடமின்றோ எனின், உண்டு. பதினைந்தாண்டு எய்திய இரட்டையரைக் குறித்து 2014-இல் வெளிவந்த ஆராய்ச்சி அதன் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 40 எனக் கண்டது. ஆகவே, குழவிப்பருவமே வளர்ப்பிற்கு மிக இடந்தருவது என்க. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் எனக் கொள்ளும் சித்தாந்திகட்கு இது வியப்பன்று.

ஆதலின், 'பிறவியே இத்தகையது' என்று குழவியைப் புறக்கணித்தல் அறமன்று. ஒருதாய் வளர்த்த இரட்டையரும் வேறுபடுதலின், அனைத்தும் தாயின் குற்றமெனப் பழித்தலும் அறமன்று. ஈன்றாராயினும் அல்லாராயினும், அழுகுரல் கேட்டு விரைந்து சென்று ஆற்றுவித்தல் பேணுவார் கடனாம்.