உயிரா, தாய்மையா?

மணமாகாத இளம் பெண்ணின் வயிற்றில் கட்டி என்று வைத்தியர் சொன்னவுடன், பெற்றோர் மனதில் இரண்டு பயங்கள் எழுகின்றன. "மகள் பிழைப்பாளா?" என்பது ஒன்று. "பிழைத்தாலும் தாயாவாளா?" என்பது மற்றொன்று. ஒன்றைக் காக்க மற்றதை இழந்தே தீரவேண்டுமா?

சினைப்பையில் உண்டாகும் புற்றுகளில் ஒரு வகை, முட்டையாகும் அணுக்களிலிருந்தே தோன்றுகிறது. அபூர்வமான இந்நோய் பெரும்பாலும் பதின்வயதுப் பெண்களையும் இருபதுகளில் உள்ளவர்களையும் தாக்குகிறது. முற்காலத்தில், ரண சிகிச்சை செய்தும் பலர் மாண்டனர். 1970-களுக்குப் பின் சிஸ்பிளாட்டின் சேர்ந்த மருந்துகள் வந்து நிலைமையை மாற்றின. இன்று நோயுள்ள பக்கத்துச் சினைப்பையை மட்டும் அகற்றி, கருப்பையையும் மறு சினைப்பையையும் விட்டுவைத்து, தேவைப்பட்டால் மருந்தேற்றுகிறார்கள். நோய் பரவியிருந்தாலும் பலருக்கு இது கைகூடுகிறது. பெரும்பாலோருக்கு மாதவிலக்கு திரும்புகிறது. பின்னர் தாயானவர்களும் உண்டு.

பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1952-ம் ஆண்டில் வைத்தியர்களுக்கு விளக்கிய நெறி இங்கே நமக்கு வழிகாட்டும். அவயவம் முழு உடலுக்காக இருக்கிறது. முழு உடலின் நன்மைக்கு அவசியமானால் அதை இழக்கலாம். அப்படியானால் அவசியமில்லாததை வெட்டவும் கூடாது. "எதற்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்பது விவேகமல்ல. "கலியாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்பதோ அதைவிடப் பெருந்தவறு. வேகமாய் வளரும் கட்டி முகூர்த்த நாளுக்குக் காத்திராது.

சிலருக்கு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தே ஆகவேண்டியிருக்கும். அப்போது உயிரைத் தேர்ந்துகொள்வது பாவமாகாது. நோயை நீக்குவதே அங்கு நோக்கம். பிள்ளைப்பேறு அற்றுப்போவது நாம் விரும்பாமல் நேரும் விளைவு. அவளை மலடி என்று தூற்றும் நாவுக்கே பாவம் சேரும். பிள்ளை பெறாததால் ஒரு பெண்ணின் மதிப்பு சர்வேசுரன் முன்னிலையில் குறைவதில்லை.

பெற்றோரே! தகப்பனாரும் தாய்மாமனும் வைத்தியரும் மட்டும் கூடிப் பேசி முடிவெடுப்பது நியாயமல்ல. உடல் அவளுடையது; உண்மையை அவளுக்குச் சொல்லுங்கள். "மறு சினைப்பையை விடமுடியுமா?" என்று அவளே கேட்கட்டும். ரண சிகிச்சைக்கு முன்பே கேட்கவேண்டும். பின்பு கேட்டுப் பயனில்லை. வரன் வரும்போதும் மறைக்கவேண்டாம். பொய்யின்மேல் கட்டிய விவாகம் நிலைக்காது.

திருவதிகையிலும் நெய்வேலியிலும் உள்ளவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் எட்டாத தூரமல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உண்டு. வெட்கத்தால் ஒளிக்காமல் காலத்தில் அழைத்துச் செல்லுங்கள். அநேகருக்கு உயிரும் தாய்மையும் ஒருங்கே காக்கப்படும்.