நாடாமல் நேர்ந்தது என்னும் சாக்கு

சென்ற கோடையில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் காரில் புறப்பட்டோம். மரக்காணத்தை நெருங்கியபோது இன்னும் நன்றாக விடியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் பக்கத்தில் உப்பளங்கள் பாத்தி பாத்தியாக வெளுத்துக் கிடந்தன. வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட வேண்டுமென்று உப்பளப் பெண்கள் சாலையோரமாக நடந்து கொண்டிருந்தார்கள்.

வண்டி ஓட்டிய சகோதரர் தொழுகையாளி, தருமம் செய்பவர். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கையில் செல்போன். பேச்சு சுவாரஸ்யத்தில் வண்டி ஓரத்துக்கு இழுத்தது. கடைசியாகப் போன பெண் கூடையோடு பள்ளத்தில் சரிந்து இறங்கித் தப்பித்துக்கொண்டார். “அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் காப்பாற்றினான்” என்றார் சகோதரர். சொல்லிவிட்டுப் போனை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த நாமும் சங்கோஜத்தால் வாய் திறக்கவில்லை.

அன்று முதல் ஒரு கேள்வி நம்மை உறுத்துகிறது. அந்தப் பெண் இறந்திருந்தால், “நாடிச் செய்ததல்ல” என்று எல்லோரும் ஆறுதல் கூறியிருப்போம். அந்த ஒரு சொல் நம்மை விடுவித்துவிடுமா?

செயல்கள் நிய்யத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அதே மார்க்கம், தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவரையும் சும்மா விடவில்லை. இறந்தவரின் குடும்பத்தார் மன்னித்தாலன்றி அவர்களுக்கு நஷ்டஈடு உண்டு. அதற்குமேல் கஃப்பாராவும் உண்டு: ஓர் அடிமையை விடுதலை செய்வது, அதற்கு வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்பது. நாடாமல் நேர்ந்ததற்கே இவ்வளவு! போன உயிர் நம்முடைய எண்ணத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவதில்லை அல்லவா?

இன்னும் ஆழ்ந்து பார்ப்போம். மோதலை நாம் நாடவில்லை, உண்மைதான். போனை எடுத்ததை நாடினோமா, இல்லையா? கை தானாகப் போகவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். ஐந்து விநாடி திரையைப் பார்த்தால், நூறு மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். கண்ணைக் கட்டிக்கொண்டு வாளைச் சுழற்றுபவன், “யாரையும் வெட்ட நாடவில்லை” என்றால் எந்தக் காஜி ஒப்புக்கொள்வார்?

போன் பேசிக்கொண்டு ஓட்டுவோருக்கு விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். காதில் மாட்டிக்கொண்டு பேசினாலும் அபாயம் பெரிதாகக் குறைவதில்லை. கை விடுபட்டாலும் கவனம் விடுபடவில்லையே! 2018 ஏப்ரல் 26-இல் உத்தரப்பிரதேசத்தின் குஷிநகரில், ஆளில்லா ரயில்வே கேட்டில் பள்ளி வேன் ரயிலில் மோதி 13 குழந்தைகள் மாண்டனர். ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததாக அப்போதே கூறப்பட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றத்தில் சேர்த்தது. முதல் முறைக்கே சிறைக்கும், 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கும் இடமுண்டு.

“எல்லாம் கத்ரின்படி, அஜல் வந்தால் யார் தடுப்பது?” என்பார் சிலர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று போதித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக்கிய மார்க்கம் நம்முடையது. நாமே பாதையின் முள்ளாகலாமா?

பள்ளிவாசலில் தக்பீர் கட்டுமுன் போனை அணைக்கிறோம். தொழுகையில் எவர் அழைத்தாலும் திரும்புவதில்லை. அந்த நாலு ரக்அத் நேரம் உலகம் காத்திருக்கிறது. பிறர் உயிர் நம் கையில் அமானிதமாக இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஏன் காத்திருக்காது?

இல்லத்திலுள்ள சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. “எங்கே வருகிறீர்கள்?” என்று கேட்கும் அன்பே சில வேளை ஆபத்தாகிவிடுகிறது. வண்டியில் இருப்பதாகத் தெரிந்தால், “நிறுத்திவிட்டுப் பேசுங்கள்” என்று சொல்லி உடனே வைத்துவிடுங்கள். பயண துஆ ஓதியதும் போனை அணைத்துப் பைக்குள் வைப்பதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். வண்டியில் உடன் வருபவர், நாம் செய்ததைப் போல் மௌனம் காக்க வேண்டாம். சங்கோஜம் ஓர் உயிரைவிடப் பெரியதல்ல.

அந்த உப்பளப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் நாம் இறங்கவில்லை. அடியார்களுக்குச் செய்த அநீதியை அந்த அடியார்களே மன்னிக்க வேண்டும் என்பதை நினைத்தால் நெஞ்சம் நடுங்குகிறது. பிறர் உயிரை நம் உயிராய் மதிக்கும் உள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.